ஆயில் அடிக்கும் கார்: பழைய கார் பேரத்தின் வரலாறு

என்ஜினுக்குள் உராய்வைக் குறைக்க ஊற்றும் ஆயில், எரிபொருளோடு சேர்ந்து எரிந்தால் சைலன்சரில் நீலப் புகை வரும். பட்டறைகளில் இதை ‘ஆயில் அடிக்குது’ என்பார்கள். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்வது முதல் காரணம். வால்வு கைடும் சீலும் தளர்வது அடுத்தது. ரிங் தேய்ந்த வண்டி ஏற்றத்தில் புகைந்துகொண்டே ஏறும். சீல் போன வண்டி காலையில் ஸ்டார்ட் செய்ததும் புகைந்து, சற்று நேரத்தில் அடங்கிவிடும். ஏர் ஃபில்டரைக் கவனிக்காவிட்டால் புழுதி உள்ளே போய்த் தேய்மானத்தை விரைவுபடுத்தும். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் லாரிகளும் நிறைந்த அரியலூர்ச் சாலைகளில் ஓடும் வண்டிகளுக்கு இந்தக் கவனிப்பு கூடுதலாகத் தேவை.

1980களின் தொடக்கம் வரை தமிழ்நாட்டில் பழைய கார் என்றால் பெரும்பாலும் மூன்று வகைதான். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1957 முதல் தயாரான அம்பாசிடர், பம்பாயின் ஃபியட் (பின்னாளில் பிரீமியர் பத்மினி), சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. உற்பத்தி குறைவு, இறக்குமதிக்கும் தடை. புதிய காருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்ததால் பழைய காரின் விலை எளிதில் இறங்கவில்லை. புகை தள்ளும் வண்டியையும் ஒதுக்க முடியாத நிலை.

அந்தக் கார்களின் வார்ப்பிரும்பு என்ஜின்கள் பழுதுபார்ப்புக்கு ஏற்றவை. தேய்வு குறைவாக இருந்தால் ரிங் மாற்றினால் போதும். மிகுந்தால் சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தி, பெரிய பிஸ்டன் போடுவார்கள், இதுவே ‘ரீபோர்’. அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜினுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 10, 20, 30, 40 பங்கு என்ற அளவுகளில் பெரிய பிஸ்டன்கள் உண்டு. கடைசி அளவையும் தாண்டிவிட்டால் சிலிண்டருக்குள் ஸ்லீவ் (உள் உறை) அடிப்பதுதான் வழி. ஆகவே வாங்குகிறவர் ‘ஆயில் அடிக்குதா’ என்பதோடு ‘எத்தனை போர் ஆயிருக்கு’ என்றும் கேட்பார். என்ஜின் வேலைக்கு ஆகும் தொகையைக் கழித்து விலை பேசுவார். புகை, பேரத்தில் ஒரு கணக்காக இருந்தது.

அம்பாசிடரில் டீசல் என்ஜின் வந்ததும் வாடகைக் கார் உரிமையாளர்கள் அதை விரும்பினர்.

விற்பவர் கெட்டியான ஆயிலை ஊற்றிப் புகையைச் சில நாள் மறைக்க முடியும். அதனால் விவரம் தெரிந்தவர் என்ஜின் ஆறிக் கிடக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்வார். ஓடும் என்ஜினின் ஆயில் மூடியைத் திறந்து புகை வருகிறதா என்று பார்ப்பார். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவையும், கம்ப்ரஷன் சோதனையில் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் ஒப்பிடுவார்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. 1991இன் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பிறகு பல நிறுவனங்கள் நுழைந்ததால் பழைய கார்களின் வரத்தும் பெருகியது. 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும்; அதன்பின் தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். புகைச் சான்றும் கட்டாயமானது. அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது. 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன வணிகர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதியும் வந்தது.

இன்றைய என்ஜின்களைப் பிரித்து வேலை பார்க்கும் செலவு, பல சமயம் பழைய காரின் விலையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். தேர்ந்தெடுக்க வேறு வண்டிகளும் ஏராளம். ஒரு காலத்தில் விலையைக் குறைக்க மட்டும் பயன்பட்ட நீலப் புகை, இப்போது பெரும்பாலும் அந்த வண்டியே வேண்டாம் என்று முடிவெடுக்கப் போதுமான காரணமாகிவிட்டது.