125 பொதிகளும் இரண்டு கப்பல்களும்

1863 ஏப்ரலில் லிவர்பூல் துறைமுகத்தில் 125 பஞ்சுப் பொதிகள் வந்து இறங்கின. வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்திருந்த விச்செல்ஹாஸ், புஷ் என்ற வியாபாரிகள் வாங்க மறுத்துவிட்டார்கள். பஞ்சின் தரத்தைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள் பேசியது இந்தக் கப்பலில் வரும் சரக்கை அல்ல என்பதுதான் அவர்கள் சொன்ன ஒரே காரணம்.

அந்தப் பஞ்சு நம் நாட்டுப் பஞ்சு. சந்தையில் அதன் பெயர் சூரத் பஞ்சு. மேற்கு இந்தியப் பஞ்சு எல்லாவற்றுக்கும் அங்கே அந்தப் பெயர்தான், சூரத்தில் விளைந்திருக்க வேண்டும் என்றில்லை. இந்தப் பொதிகள் தோலேரா ரகம். காம்பே வளைகுடாவில் உள்ள தோலேரா துறையிலிருந்து கரையோரப் படகுகளில் பம்பாய் போய், கொலாபாவின் பஞ்சு மைதானத்தில் கைமாறி, அழுத்தி இறுக்கிக் கட்டப்பட்டுக் கப்பலேறும் சரக்கு. குட்டை இழை, தூசி அதிகம், இயந்திரத்தில் அடிக்கடி அறும். இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாளர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. 'ஆண்டவரே, பஞ்சு அனுப்பும்' என்று தேவாலயத்தில் ஒருவர் வேண்டியபோது, 'சூரத் மட்டும் வேண்டாம்' என்று இன்னொருவர் குரல் கொடுத்ததாக அந்தக் காலத்துக் கதை ஒன்று உண்டு.

ஆனால் வேறு வழியில்லை. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் தென்மாநிலத் துறைமுகங்கள் அடைபட்டன. அமெரிக்கப் பஞ்சு நின்றது, லங்காஷயர் ஆலைகள் மூடின, யாரும் மதிக்காத சூரத் பஞ்சின் விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறியது. பம்பாயில் கொட்டிய அந்தப் பணம் பங்குச் சூதாட்டமாகி 1865இல் வெடித்தது தனிக் கதை.

சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறந்தது. அதுவரை சரக்குக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வர வேண்டும், ஏறக்குறைய நான்கு மாதம். தபாலுக்கு அந்தச் சுற்று கிடையாது. நீராவிக் கப்பலில் சூயஸ் வந்து, அங்கிருந்து ரயிலில் அலெக்சாந்திரியா போய், மறுபடி கப்பலேறி ஒரு மாதத்தில் இங்கிலாந்து சேர்ந்துவிடும். இன்ன கப்பலில் இவ்வளவு பஞ்சு ஏறியது என்ற கடிதம் பஞ்சுக்கு முன்னால் போய்விடும் என்பதால், நடுக்கடலில் இருக்கும் சரக்கை லிவர்பூலில் விற்கலாம், வாங்கலாம், விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயமும் கட்டலாம். சரக்கைக் கண்ணால் பார்க்காத அந்த வியாபாரத்தில், எந்தச் சரக்கு என்பதற்கு இருந்த அடையாளம் கப்பலின் பெயர்தான்.

ராஃபிள்ஸ் என்பவர் விச்செல்ஹாஸுக்கு விற்றதும் அப்படித்தான். பம்பாயிலிருந்து 'பீர்லெஸ்' கப்பலில் வரும் 125 பொதி, நடுத்தரத் தோலேரா, பவுண்டுக்கு 17¼ பென்ஸ். பொதிக்கு 390 பவுண்டு எடை என்று வைத்தால்கூட மொத்தம் 3,500 பவுனுக்கு மேல் வரும். முறியில் ஒரு சொல்லும் மங்கலாக இல்லை. சிக்கல் கடலில் இருந்தது. பம்பாயிலிருந்து அக்டோபரில் ஒரு பீர்லெஸ் புறப்பட்டது, டிசம்பரில் வேறொரு பீர்லெஸ் புறப்பட்டது. சட்ட வரலாற்றாசிரியர் பிரையன் சிம்ப்சன் 1989இல் இந்த வழக்கைத் தோண்டிப் பார்த்தபோது, அந்தக் காலத்தில் அதே பெயரில் குறைந்தது 11 கப்பல்கள் ஓடியதைக் கண்டார். முதல் கப்பல் பிப்ரவரியில் வந்தது. ராஃபிள்ஸ் அதிலிருந்து எதையும் கொடுக்கவில்லை. ஏப்ரலில் வந்த இரண்டாவது கப்பலின் பொதிகளைக் காட்டி, எடுத்துக்கொள் என்றார். நாங்கள் நினைத்தது அக்டோபர் கப்பலை என்றார்கள் வாங்கியவர்கள். விலை ஏறியிருந்தால் எந்த மாதத்துக் கப்பல் என்று அவர்கள் கேட்டிருப்பார்களா என்பது என் சந்தேகம்.

1864 ஜனவரியில் வழக்கு லண்டன் எக்ஸ்செக்கர் நீதிமன்றத்தில் வாதத்துக்கு வந்தது. ராஃபிள்ஸின் வழக்கறிஞர் மில்வர்ட் ஒரு துணிச்சலான வழியைப் பிடித்தார்: எதிர்த்தரப்பு சொல்லும் கப்பல் கதை முழுக்க உண்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் அது பணம் கொடுக்காததற்குப் பதிலாகாது. விற்றது பஞ்சு, கப்பல் அல்ல. கப்பலின் பெயரை எழுதியது, அது மூழ்கிவிட்டால் பேரம் முறியும் என்பதற்காக மட்டுமே. தலைமை நீதிபதி பொல்லாக் இதை ஏற்கவில்லை. ஒரு கிடங்கில் உள்ள சரக்கை விலைபேசியவனுக்கு அதே ரகத்தை வேறு கிடங்கிலிருந்து கொடுத்தால் சரியாகிவிடுமா என்று கேட்டார். அடுத்து எதிர்த்தரப்பின் மெலிஷ் எழுந்தார். தாளைப் பார்த்தால் குழப்பம் தெரியாது, ஆனால் இரண்டு பீர்லெஸ் இருப்பது தெரிந்த நொடியில் உள்ளே மறைந்திருந்த குழப்பம் வெளியே வருகிறது, எந்தக் கப்பலை மனதில் வைத்தார்கள் என்பதற்குச் சாட்சி கேட்கலாம் என்று தொடங்கினார். நீதிபதிகள் அவரைப் பாதியில் நிறுத்தி, பிரதிவாதிகளுக்கே வெற்றி என்று ஒற்றை வரியில் முடித்தார்கள். காரணம் சொல்லவில்லை.

அந்த மௌனத்தில்தான் பொதிகளின் அடுத்த பயணம் தொடங்கியது. இருவர் மனமும் ஒன்றுபடாததால் ஒப்பந்தமே பிறக்கவில்லை என்று பாடநூல்கள் எழுதின. அமெரிக்கச் சட்ட அறிஞர் ஹோம்ஸ் 1881இல் அதை மறுத்தார்: மனதில் என்ன இருந்தது என்பது சட்டத்துக்கு வேண்டாம், ஒரே பெயரைச் சொல்லி இருவரும் வெவ்வேறு பொருளைச் சொன்னார்கள், அதுதான் காரணம் என்றார். பாடநூல்காரர்களும் ஹோம்ஸும் தீர்ப்பில் இல்லாததைத்தான் படித்தார்கள். யார் எந்தக் கப்பலை நினைத்தார் என்று ஜூரி முன்னால் விசாரணையே நடக்கவில்லை.

வழக்கு முடிந்து 8 ஆண்டுகளில், 1872இல், இந்திய ஒப்பந்தச் சட்டம் வந்தது. ஒரே பொருளை ஒரே அர்த்தத்தில் இருவரும் ஏற்றால்தான் சம்மதம் என்கிறது அதன் 13வது பிரிவு. 29வது பிரிவு, பொருள் தேறாத ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆனால் நீதிமன்றம் எடுத்ததும் முறியைக் கிழித்துப் போடுவதில்லை. 100 டன் எண்ணெய் என்று மட்டும் எழுதி, என்ன எண்ணெய் என்பதற்கு ஒரு தடயமும் இல்லாவிட்டால் அது செல்லாது. எழுதியவர் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்கும் வியாபாரி என்றால் அது தேங்காய் எண்ணெய்தான், ஒப்பந்தம் நிற்கும். இரண்டும் அந்தப் பிரிவிலேயே உள்ள உதாரணங்கள்.

அதே ஆண்டின் சாட்சியச் சட்டம் குழப்பத்தை இரண்டாகப் பிரித்தது. குதிரையை 1,000 ரூபாய்க்கோ 1,500 ரூபாய்க்கோ விற்பதாக எழுதினால் ஓட்டை தாளிலேயே தெரிகிறது. அதை வெளிச் சாட்சி கொண்டு அடைக்க முடியாது. 'என் வெள்ளைக் குதிரை' என்று எழுதி, அவரிடம் இரண்டு வெள்ளைக் குதிரைகள் இருந்தால், எது என்று காட்டச் சாட்சி கொடுக்கலாம். பீர்லெஸ் இந்த இரண்டாவது வகை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு உதாரணமும் உண்டு: ஒருவர் இன்னொருவருடன் ஹைதராபாத் வருவதாக ஒப்புக்கொள்கிறார், தக்காணத்து ஹைதராபாத்தா, சிந்து ஹைதராபாத்தா? 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. சிந்து ஹைதராபாத் 1947லேயே பாகிஸ்தானுக்குப் போய்விட்டது; புதிய சட்டத்தின் உதாரணத்தில் ஊரும் மாறிவிட்டது. இப்போது கேள்வி, ராஜஸ்தானில் உள்ள ராம்கரா, உத்தராகண்டில் உள்ள ராம்கரா என்பது.