கொல்லிமலையும் மேனாட்டார் எழுதிய தலக்காட்சிகளும்

கொல்லிமலை அறப்பள்ளி, தேவார வைப்புத்தலங்களுள் ஒன்றென்பது அன்பர் அறிந்ததே. அறப்பளீசுவரர் திருக்கோயிலும் அதன் அணித்தே ஐயாறு வீழும் ஆகாயகங்கையும் மலையேறிய சிவனடியார் உள்ளங்குளிரக் கண்டு வழிபடுவன. இம்மலை சார்ந்த சேலநாட்டின் வழியே 1792ஆம் ஆண்டில் ஆங்கில ஓவியர் இருவர் சென்றனர். ஒருவர் தாமஸ் டேனியல். மற்றவர் அவர்தம் உடன்பிறந்தார் மகனாகிய வில்லியம்.

அவ்வாண்டு மார்ச்சு மாதத்துச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால், திப்புசுல்தான் வசமிருந்த சேலமும் பாராமகாலும் கும்பினியார் கைப்பட்டன. அதனாலேயே அங்குள்ள மலைக்கோட்டைகள் மேனாட்டார் கண்ணுக்கு எளியவாயின. ஏப்ரலிற் சென்னையினின்றும் புறப்பட்ட அவ்விருவரும் சங்ககிரி, திருச்சிராப்பள்ளி, மதுரை, பாபநாசம், குமரி, தஞ்சை முதலிய இடங்களைக் கண்டு, 1793 சனவரியில் மீண்டனர். கண்ணாடி பதித்த இருட்பெட்டியொன்றால் காட்சியின் நிழலைத் தாளில் வீழ்த்தி, அதன்மேற் கோடிட்டு, நீர்வண்ணந் தீட்டுதல் அவர் முறை. பின்னர் இலண்டனில் அவற்றைச் செப்புத்தகட்டிற் பொறித்து, 1795 முதல் 1808 வரை 144 படங்களாக வெளியிட்டனர். தஞ்சைப் பெரிய கோயிலும் மதுரைப் புதுமண்டபமும் 1798இல் வெளிவந்தன. ஒளிப்படம் தோன்றுதற்கு முன்னர் நந் திருக்கோயில்கள் நின்ற நிலைக்கு இவை சான்றாவன. அவ்வளவிற்கு நாம் நன்றி பாராட்டக் கடமைப்பட்டுள்ளோம்.

ஆயினும் ஒன்று கருதற்பாலது. அவர் நாட்டில் அக்காலத்துப் பெருவழக்காயிருந்த சுவை, பாறையின் கடுமையையும் சிதைவின் அழகையுமே விரும்பியது. ஆதலின் மரத்தையும் மாந்தரையும் காட்சிக்கேற்ப இடம்பெயர்த்து எழுதுதல் அந்நாளை ஓவியர்க்கு இயல்பு. திருப்பணி செய்வோர் இப்படங்களைக் கல்வெட்டோடும் கட்டடத்தோடும் ஒப்புநோக்கிக் கொள்வதன்றி, இவற்றையே அளவாகக் கொள்ளுதல் தகாது. பாபநாசத்தையும் திருக்குற்றாலத்தையும் அவர் எழுதினர், எழுதியது அருவியை. நாம் மூழ்குவதோ தீர்த்தம். திருக்கோயிலை அரனெனவே தொழுக என்று விதிக்கும் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தை அவர் அறியார். அதனை அவர்மேற் குற்றமாக ஏற்றுதலும் முறையன்று. அச்சூத்திரத்தை ஓதிய நம்மவருட் பலர் பழங் கற்றளிகளுக்குச் சுண்ணம் பூசி எழுத்தை மறைத்தது அதனினும் வருந்தற்குரியது.

அந்நூற்று நாற்பத்துநான்கனுள் அறப்பள்ளி இல்லை. காண்பாரை மயக்கும் பாவையொன்று உண்டெனச் சங்கச் சான்றோர் பலகாலுஞ் சொன்ன மலைக்கு, அவ்வோவியர் கையால் ஒரு படமும் வாய்க்கவில்லை. ஆகாயகங்கைக்கு இறங்கும் படிகளில் நிற்கும்போதெல்லாம் இது எமக்கு நினைவுக்கு வருவதுண்டு.