அச்சுப் பட்டையில் அடங்கிய ஆய்வுகூடம்

வயலும் காடும் கடலும் ஒருங்கே அமைந்த மாவட்டம் முல்லைத்தீவு. கொக்கிளாய்க் கரையில் வலை இழுப்போரும், துணுக்காயில் குளத்து நீரை நம்பி நெல் விதைப்போரும் இம்மாவட்டத்து மக்களே. ஊர்கள் காடுகளுக்கிடையே சிதறிக் கிடக்கும் இத்தகைய நிலத்தில், ஆய்வுகூடத்திற்குச் சென்று மீள்வதற்கு ஒரு நாட்கூலியை இழக்க வேண்டியிருக்கும். இரத்தம் கொடுக்க ஒரு நாள், முடிவை அறிய மற்றொரு நாள் என்றால், ஏழை உழவர் சோதனையையே கைவிட்டுவிடுதல் இயல்பு. நோயோ அவருக்காகக் காத்திருப்பதில்லை. ஆய்வுகூடமே ஊரை நாடி வருதல் கூடுமா என்னும் வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டு தந்த விடைகளுள் ஒன்று, விரல் அகலமும் இல்லாத ஒரு சிறு பட்டை.

அதன் அடிப்படை மின்னிரசாயனம் ஆகும். கரைசலொன்றில் மின்வாய்களை அமிழ்த்தித் தக்க மின்னழுத்தம் கொடுத்தால், கரைந்துள்ள பொருளின் அளவுக்கேற்ப மின்னோட்டம் பாயும். 1922 இல் பிராக் நகரத்து அறிஞர் ஹெய்ரோவ்ஸ்கி, சொட்டும் பாதரசத் துளியை மின்வாயாகக் கொண்டு இம்முறையை நிறுவினார். 1959 இல் அவருக்கு இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. தமிழகத்திலும் இத்துறை வேரூன்றியது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாவும் வழங்க, 1948 இல் அடிக்கல் நாட்டப்பெற்ற காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 இல் திறந்து வைக்கப்பட்டது. எனினும், பாதரசமும் கண்ணாடிக் கலங்களும் வேண்டிய அக்காலத்து முறை கிராமத்து வாசலை எட்டவில்லை.

அடுத்த படியை அமைத்தவர் அமெரிக்கரான லீலண்ட் கிளார்க். பிளாட்டின மின்வாயை மெல்லிய பொலித்தீன் சவ்வினால் மூடி, இரத்தத்திலுள்ள ஒட்சிசனை அளக்கும் கருவியை அவர் 1956 இல் வெளியிட்டார். 1962 இல் லயன்ஸ் என்பாருடன் சேர்ந்து, அம்மின்வாயின் மீது குளுக்கோசைத் தாக்கும் நொதியத்தை அமைக்கும் வழியையும் கூறினார். நொதியம் குளுக்கோசை ஒட்சியேற்றும்போது ஒட்சிசன் செலவாகும். அச்செலவைக் கொண்டே குளுக்கோசின் அளவு கணிக்கப்படும். ஆயினும், இம்முறையில் ஒட்சிசனின் அளவு மாறினால் கணக்கும் பிழைக்கக் கூடும்.

இக்குறையை நீக்கும் வழி 1984 இல் இங்கிலாந்தில் வெளியாயிற்று. கிரான்பீல்டு, ஒக்ஸ்போர்டு ஆய்வாளர்கள், இரும்பைக் கொண்ட பெரோசீன் என்னும் சேர்வையைத் தூதாக அமர்த்தினர். நொதியத்திடமிருந்து இலத்திரன்களைப் பெற்று மின்வாய்க்குக் கொண்டு சேர்ப்பது அதன் பணி. இக்கண்டுபிடிப்பிலிருந்து 1987 இல் பேனா வடிவிலான அளவிக் கருவி விற்பனைக்கு வந்தது.

கருவியைப் பலர் கைக்குக் கொண்டு சேர்த்தது அச்சுக் கலையே. 1907 இல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் பட்டுத்திரை அச்சுமுறைக்குக் காப்புரிமை பெற்றார். துணியிலும் அழைப்பிதழிலும் எழுத்துப் பொறிக்கும் அதே முறையில், மைக்குப் பதிலாகக் காபன் பசையையும் வெள்ளிப் பசையையும் வலைத்திரை வழியே பிளாஸ்டிக் தகட்டில் தேய்த்தால் மின்வாய்கள் உருவாகும். அவற்றின்மீது நொதியம் இடப்படும். ஒரே தகட்டிலிருந்து பல பட்டைகளை வெட்டி எடுக்கலாம். பட்டையை ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடலாம். கழுவவும் வேண்டா, மீண்டும் சீர்செய்யவும் வேண்டா. இன்றைய பட்டைகள் பலவற்றுக்கு ஒரு மைக்கிரோலீற்றருக்கும் குறைவான குருதி போதும். சில விநாடிகளில் விடை தெரியும்.

எனினும் குறைகளும் உள. வெப்பமும் ஈரமும் நொதியத்தைக் கெடுக்கும். ஆதலின் மூடி திறந்து கிடக்கும் புட்டியிலுள்ள பட்டை பொய் சொல்லக் கூடும். குருதிச் சோகை உடையவரிடத்து அளவு பிசகுவதும் உண்டு. பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொரு நிறுவனத்தின் பட்டையை ஏற்பதில்லை. கருவியை ஒருமுறை வாங்கினாற் போதும். பட்டையையோ நாள்தோறும் வாங்க நேரலாம். எறியப்படும் பட்டைகள் குருதி படிந்த கழிவாகவும் சேருகின்றன.

வன்னிக்கு இவ்வரலாறு மற்றொரு வகையிலும் வேண்டற்பாலது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் அறியப்பட்ட, காரணம் உறுதியாகாத சிறுநீரக நோய், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் காணப்படுகிறது. இந்நோய் பெரும்பாலும் முற்றிய பின்னரே வெளிப்படும். குருதியிலுள்ள கிரியேற்றினின் மிகுவது சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் அறிகுறி. அதனை அளக்கும் பட்டைகளும் உலகில் வந்துள்ளன. ஆயினும், நொதியங்கள் பல ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்பட வேண்டியிருப்பதால், அவற்றை அமைத்தல் குளுக்கோசுப் பட்டையினும் கடினம்.

மலிவான விலை, வன்னி வெயிலைத் தாங்கும் உறுதி, காட்டும் எண்ணின் பொருளை எளிய தமிழில் விளக்கத் தெரிந்த தாதியர் ஆகிய மூன்றும் கூடுமாயின், ஊர் மருந்தகத்து மேசையிலேயே நோயை முன்னரே அறியலாம். கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் பல்கலைக்கழகக் கல்வி வேரூன்றியுள்ள இந்நாளில், இவற்றுள் சிலவற்றையேனும் வன்னி மாணவர் தம் மண்ணிலேயே ஆராய வாய்ப்பு உண்டு. காபன் பசையும் வலைத்திரையும் அவர்கள் கைக்கு எட்டாத பொருள்கள் அல்ல.