தேரிக்காட்டுக் கோயிற் பள்ளிக்கூடங்கள்

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், செம்மண் தேரியும் பனங்காடுமாகப் பரந்து கிடக்கும் பிரதேசத்தில், முதலூர், நாசரேத்து, மெய்ஞ்ஞானபுரம், இடையன்குடி என்று பெயர் பெற்ற ஊர்களைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலெல்லாம், வேதக்கோயிலும் அதன் நிழலில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடமும் அமைந்திருப்பதைக் காணலாம். பள்ளிக்கென்று தனிக் கட்டடம் எழுப்ப வசதியில்லாத காலத்தில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடந்த அதே ஓலைக் கொட்டகையில் மற்ற நாட்களில் பிள்ளைகள் அரிச்சுவடி படித்தார்கள். அக்கல்வியின் தரம் யாது என்று ஆராயப் புகுவோர், அதனை அளந்தவர் ஒருவரல்லர், மூவர் என்பதையும், கிறிஸ்தவ மிஷன், சர்க்கார், பெற்றோர் ஆகிய அம்மூவரும் வெவ்வேறு கோல் கொண்டு அளந்தனர் என்பதையும் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

பாதிரிமார் வருவதற்கு முன் இந்நாட்டில் பள்ளிக்கூடமே இல்லை என்று எண்ணுவது பேதைமை. சென்னை மாகாண கவர்னராயிருந்த தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய விசாரணையின் முடிவில், மாகாணமெங்கும் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணாக்கர்களும் இருப்பதாக 1826இல் எழுதிய குறிப்பில் கணக்குக் காட்டினார். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகி, எண்சுவடியும் ஆத்திசூடியும் மனப்பாடம் செய்து, முந்திரி, காணி, மா என்ற கீழ்வாயிலக்கங்களைக் கையாளக் கற்ற பிள்ளை, கணக்கில் எவருக்கும் பின்வாங்கமாட்டான். ஆயினும் அத்திண்ணையின் படி எல்லோருக்கும் ஏறத்தக்கதாயிருக்கவில்லை. பனையேறிப் பிழைத்த குடும்பங்களின் பிள்ளைகளும், அவர்களினும் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தோரின் பிள்ளைகளும், சாதியின் காரணமாகவும் வறுமையின் காரணமாகவும் பெரும்பாலும் புறத்தே நின்றனர். பெண்மக்களைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்த ரேனியஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் இந்நிலைமையில் ஊரூராகப் பள்ளிகளைத் தோற்றுவித்தார். தமிழை ஆழ்ந்து பயின்று இலக்கணம் எழுதிய அவர், பூமி சாஸ்திரம் என்ற நூலையும் தமிழில் இயற்றினாராதலின், வேதப் பொருளோடு உலகப் பொருளையும் தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்ற நோக்கம் தொடக்கத்திலேயே இருந்ததென்று கொள்ளலாம். ஆனால் மிஷன் கொண்ட முதற்கோல் ஒன்றே: பிள்ளை வேதாகமத்தைத் தானே எடுத்து வாசிக்கிறதா? ஒவ்வொரு விசுவாசியும் வேதத்தைத் தானே ஓதியறிய வேண்டும் என்ற புராட்டஸ்டண்டுக் கொள்கை வாசிப்பைச் சமயக் கடமையாக்கிற்று. ஓலையில் எழுதி மனத்தில் இருத்திய பழைய பழக்கத்துக்கு மாறாக, அச்சிட்ட புத்தகத்தில் முன்பின் பாராத பக்கத்தைத் திறந்து படிக்கும் ஆற்றல், பனங்காட்டுக் குடிசைகளில் முதன்முறையாகப் புகுந்தது.

பிள்ளைகள் அநேகராகவும் உபாத்தியாயர் ஒருவராகவும் இருந்த இடத்தில் மூத்த மாணவன் இளையோருக்குக் கற்பிக்கும் முறையே கைகொடுத்தது. இம்முறைக்கு ஒரு விசித்திரமான பூர்வோத்தரம் உண்டு. 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதியை நடத்திய ஆண்டுரு பெல் என்ற பாதிரியார், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, அவ்வழக்கத்தையும் மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிக்கும் உபாயத்தையும் தம் விடுதியில் கையாண்டு, 1797இல் லண்டனில் அதைக் குறித்து நூலும் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மதராஸ் முறை' என்ற பெயரோடு பரவிற்று. அங்கிருந்து வந்த மிஷனெரிமார் அதனை இங்கே நடத்தியபோது, நம் திண்ணைப் பள்ளியில் இளையோரை மேய்த்த சட்டாம்பிள்ளையே சீமைக்குப் போய்த் திரும்பி வந்தார் என்று சொல்வது மிகையாகாது.

இவ்வமைப்பின் பாரமெல்லாம் சிற்றூர் உபதேசியாரின் தோள்மேல் இருந்தது. காலையில் ஜெபம், பகலில் பள்ளிக்கூடம், மாலையில் வீடு சந்திப்பு, இரவில் மறுபடியும் ஜெபம் என்று, சொற்பச் சம்பளத்துக்கு மூவர் செய்யத்தக்க ஊழியத்தை அவர் ஒருவரே செய்தார். அவரது ஞானமே அப்பள்ளியின் எல்லை. பயிற்சியற்றவரிடம் பாடம் கேட்ட பிள்ளைகள் அரிச்சுவடிக்கு அப்பால் அதிகம் செல்லவில்லை. இதனை நன்குணர்ந்தே பாளையங்கோட்டையில் எட்வர்டு சார்ஜெண்டு பாதிரியார் உபதேசிமாரையும் உபாத்தியாயர்களையும் பயிற்றுவிப்பதில் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டார், சாயர்புரத்தில் ஜி. யு. போப் பாதிரியார் கல்விச்சாலை நிறுவியதும் இத்தேவையை ஒட்டியதே. இதற்கு மேல், வேனிற்காலத்தில் பதனீர் இறங்கத் தொடங்கியதும் குடும்பம் முழுவதும் பதனீர் காய்ச்சும் குடிசையான விடிலிக்குக் குடிபெயர, தகப்பனோடு காட்டுக்குப் போன பையனும், கருப்புக்கட்டி காய்ச்சும் தாய்க்கு விறகு பொறுக்கப் போன பெண்ணும் பருவம் முடிந்து திரும்பும்போது, கற்றதில் பாதியை மறந்தே திரும்பினார்கள்.

கல்வி குறித்த 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு உதவித்தொகை அளிக்க வழி செய்ததும் சர்க்காரின் கோல் வந்து சேர்ந்தது. பின்னர், இங்கிலாந்தில் 1862இல் நடைமுறைக்கு வந்ததைப் பின்பற்றி, பரீக்ஷையில் தேறிய பிள்ளைக்கு இவ்வளவு என்று பணம் கணக்கிடும் பெறுபேற்று முறை சென்னை மாகாணத்திலும் புகுந்தது. வருஷத்துக்கொரு முறை இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் சோதிப்பார். இதனால் வருகைப் பதிவு ஒழுங்காயிற்று, கணக்குப் பாடம் புறக்கணிக்கப்படாமல் தப்பிற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் உபாத்தியாயரின் சம்பளமே பிள்ளையின் தேர்ச்சியில் தொங்கியபோது, பாடப்புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை நெட்டுருச் செய்விப்பதும், மந்தமான பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளுவதும் இயல்பாயின. தானே வாசிக்கும் ஆற்றலை வளர்க்க எழுந்த பள்ளி, மனப்பாடத்துக்கே திரும்பிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்முறை கைவிடப்பட்ட பின்னும் அது விதைத்த பழக்கம் எளிதில் நீங்கவில்லை.

மூன்றாவது கோல் பெற்றோருடையது. மகன் கடிதம் வாசிப்பானா, கடன் பத்திரத்தில் எழுதியிருப்பதை அறிவானா, கருப்புக்கட்டி வியாபாரியின் கணக்கைச் சரிபார்ப்பானா என்பதே அவர்கள் கேட்டது. மகளை அனுப்பவோ தயங்கினார்கள். கல்வி பெண்ணுக்கு எதற்கு என்ற கேள்விக்கு விடை காட்ட வேண்டியிருந்தது. இடையன்குடியில் கால்டுவெல் பாதிரியாரின் மனைவியார் எலைசா, நாகர்கோவிலில் தம் தாயார் வளர்த்த லேஸ் பின்னும் கைத்தொழிலைப் பெண்பிள்ளைகளுக்குக் கற்பித்தார். கூலி தரும் தொழிலோடு சேர்ந்து வந்தபடியால் எழுத்தும் பெண்களுக்கு ஏற்றதாயிற்று. நாசரேத்தில் மர்காஷிஸ் பாதிரியார் 1878இல் கைத்தொழிற் பள்ளி தொடங்கியதும் இவ்வகைக் கேள்விக்கு விடையாக அமைந்தது.

இப்பள்ளிகளின் மேன்மைக்குச் சான்றாக, வெள்ளாளன்விளையில் பிறந்து 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியா போன்றோரை எடுத்துக் காட்டுவது வழக்கம். அது பெருமைக்குரியதே, ஆயினும் ஒரு பெரியாரைக் கொண்டு ஓராயிரம் பிள்ளைகளின் கல்வியை அளப்பது நியாயமன்று. வேதம் வாசிக்கத் தெரிந்தும் வட்டிக் கணக்குத் தெரியாதவனும், பரீக்ஷையில் தேறியும் கடிதம் எழுதத் திணறியவனும் அக்கூடங்களிலிருந்தே வெளிவந்தனர். மூன்று கோலுக்கும் ஒருங்கே ஈடுகொடுத்தவை, பயிற்சி பெற்ற உபாத்தியாயர் ஒருவர் அவ்வூரிலேயே பல்லாண்டு தங்கி, பனைக்காலம் முடிந்து வந்த பிள்ளையை மறந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கவைத்த பள்ளிகளே. இன்று டி.டி.டி.ஏ. (திருநெல்வேலித் திருமண்டல அறக்கட்டளைச் சங்கம்) என்ற பெயர்ப்பலகையோடு அரசு உதவி பெற்று நடக்கும் தொடக்கப்பள்ளிகளின் தரத்தைப் பேசுவோரும், தேர்வு முடிவையும் கட்டடத்தையும் பார்ப்பதற்கு முன்னால், அங்கே ஆசிரியர் எவ்வளவு காலம் நிலைத்திருக்கிறார் என்று விசாரிப்பது நலம்.