தரவுத்தளத்தில் முட்டுநிலை

தொடர்புசார் தரவுத்தளத்தில் ஒரு பரிவர்த்தனை மாற்றும் வரி, அப்பரிவர்த்தனை முடியும்வரை பூட்டப்பட்டிருக்கும். அதே வரியை மாற்ற வரும் வினவல் காத்திருக்க வேண்டும். நாமக்கல் முட்டை வணிகர் ஒருவரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு பரிவர்த்தனை நாமக்கல் இருப்பைப் பூட்டிக்கொண்டு சேலம் இருப்பைக் கேட்கிறது. இன்னொன்று சேலத்தைப் பூட்டிக்கொண்டு நாமக்கல்லைக் கேட்கிறது. இரண்டுமே நகரா. இதுவே முட்டுநிலை.

எது எதற்காகக் காத்திருக்கிறது என்று அம்புக்குறி வரைந்தால் அது வட்டமாக முடியும். ஒரே கணினியில் இவ்வட்டத்தைக் காண்பது எளிது. தரவு பல கணினிகளில் பிரிந்திருந்தால் முழு வட்டமும் எந்தக் கணினிக்கும் தெரியாது. ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் நடந்த 'ஆர் ஸ்டார்' திட்டம் இச்சிக்கலை எதிர்கொண்டது. தமிழ்நாட்டில் பிறந்து, 1977-இல் சென்னை ஐஐடியில் வேதிப் பொறியியல் முடித்த சி. மோகன் 1981-இல் அங்கு சேர்ந்தார். புரூஸ் லிண்ட்சே, ரான் ஓபர்மார்க் ஆகியோருடன் அவர் 1986-இல் வெளியிட்ட கட்டுரை, ஒவ்வொரு கணினியும் தான் கண்ட காத்திருப்புச் சங்கிலியை மற்றக் கணினிக்குத் தெரிவிக்கும் முறையை விளக்கியது. வட்டம் தென்பட்டதும் ஒரு பரிவர்த்தனை கைவிடப்படும். அது செய்த மாற்றங்கள் நீங்கி, பூட்டுகள் விடுபடும்.

வட்டமில்லாத தடைக்கு இம்முறை உதவாது. ஒருவர் பரிவர்த்தனையைத் தொடங்கிவிட்டு, முடிக்காமல் தேநீர் குடிக்கப் போனாலே பின்னால் வந்தவை எல்லாம் நிற்கும். அப்போது நிர்வாகி சங்கிலியின் தலையில் இருப்பதைக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். நடுவில் காத்திருப்பவற்றை நிறுத்திப் பயனில்லை.