நீச்சல் குளங்களில் ஓசோன் நீர்த்தூய்மையாக்கம்

நீச்சல் குளங்களில் ஓசோன் நீர்த்தூய்மையாக்கம் என்பது நீச்சல் குளம், ஸ்பா எனப்படும் வெந்நீர்த் தொட்டி ஆகியவற்றின் நீரில் ஓசோன் வளிமத்தைச் செலுத்தி, நுண்ணுயிர்களை அழித்து, கரிமக் கழிவுகளைச் சிதைக்கும் முறையாகும். இது குளோரினுக்கு முழுமையான மாற்று அன்று. அதனுடன் இணைந்து பயன்படும் துணை முறை ஆகும். தாம்பரம் உள்ளிட்ட தென்சென்னைப் புறநகர்களில் வெப்பம், நீர்ப் பற்றாக்குறை, கடலோர நிலத்தடி நீரின் உவர்ப்பு ஆகியவை இதன் பயனையும் வரம்பையும் தீர்மானிக்கின்றன.

வரலாறு

ஓசோனை 1840 ஆம் ஆண்டில் கிறிஸ்டியான் ஃபிரீட்ரிக் ஷோன்பைன் கண்டறிந்தார். மணத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. 1857 இல் வெர்னர் ஃபொன் சீமென்சு ஓசோன் ஆக்கியை வடிவமைத்தார். பிரான்சின் நீசு நகரில் 1906 முதல் குடிநீர்த் தூய்மிப்பில் ஓசோன் பயன்பட்டது.

செயல்முறை

ஓசோன் விரைவில் சிதைவதால் அதனைச் சேமித்து வைக்க இயலாது. பயன்படுத்தும் இடத்திலேயே உருவாக்க வேண்டும். உலர்ந்த காற்று அல்லது ஆக்சிசனை உயர் மின்னழுத்தப் புலத்தின் வழியே செலுத்தினால் ஓசோன் உண்டாகிறது. சிறிய வெந்நீர்த் தொட்டிகளில் புற ஊதா விளக்குகளும் பயன்படுகின்றன.

குளத்திலிருந்து எடுக்கப்படும் நீர் வடிகட்டப்பட்ட பின், ஓசோனுடன் கலந்து தொடுகைத் தொட்டியில் சில நிமிடங்கள் தங்குகிறது. எஞ்சிய ஓசோன் கிளர்வூட்டிய கரியால் நீக்கப்படுகிறது. இறுதியாகச் சிறிதளவு குளோரின் சேர்க்கப்பட்டு, நீர் குளத்திற்குத் திரும்புகிறது.

குளோரினுடன் ஒப்பீடு

ஓசோனின் ஆக்சிசனேற்ற மின்னழுத்தம் 2.07 வோல்ட், குளோரினுடையது 1.36 வோல்ட். வியர்வை, சிறுநீர் ஆகியவற்றிலுள்ள நைட்ரசன் சேர்மங்கள் குளோரினுடன் வினைபுரிந்து குளோரமீன்களை உண்டாக்குகின்றன. கண் எரிச்சலுக்கும், குளங்களில் உணரப்படும் கடும் நெடிக்கும் இவையே முதன்மைக் காரணம். ஓசோன் இவை சேர்வதைக் குறைக்கிறது. வழக்கமான குளோரின் அளவில் பல நாட்கள் உயிர்வாழும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியையும் அது செயலிழக்கச் செய்கிறது.

எனினும் ஓசோன் குளத்து நீரில் எஞ்சி நிற்பதில்லை. ஒருவர் உடலிலிருந்து வெளியேறும் கிருமி, நீர் தூய்மிப்புத் தொட்டியை அடைவதற்கு முன்பே அருகில் நீந்துபவரை அடையக்கூடும். இவ்விடைவெளியில் காப்பளிப்பது எஞ்சிய குளோரினே. எனவே பொதுக்குளங்களில் ஓசோனை மட்டுமே நம்பியிருத்தல் பாதுகாப்பானதன்று.

தென்சென்னைச் சூழல்

1995 ஆம் ஆண்டுத் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக வேளச்சேரியில் நீச்சல் வளாகம் அமைக்கப்பட்டது. பின்னர் அடுக்குமாடிக் குடியிருப்புகள், விடுதிகள் பெருகியதால் தனியார் குளங்களும் கூடின. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, புறநகர் மக்கள் தண்ணீர் லாரிகளையே பெரிதும் சார்ந்திருந்தனர். குளோரமீன் மிகுந்த குளத்து நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுநீர் நிரப்புவது வழக்கம். ஓசோன் இத்தேவையைக் குறைக்கிறது. ஆனால் நீரில் கரைந்துள்ள உப்புகளை அது நீக்குவதில்லை.

அதே ஆண்டில் தொடங்கப்பட்ட கோயம்பேடு கழிவுநீர் மறுசுழற்சி நிலையத்தில் எதிர்ச் சவ்வூடுபரவலுடன் ஓசோனும் பயன்படுகிறது. இந்நீர் ஒரகடம், திருப்பெரும்புதூர் தொழிற்பேட்டைகளுக்கு வழங்கப்படுகிறது.

வெப்பம் மிகுந்த நீரில் ஓசோன் குறைவாகவே கரையும், விரைவாகச் சிதையும். அதன் அளவு பாதியாகக் குறைய 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 20 நிமிடமும், 30 பாகையில் ஏறத்தாழ 12 நிமிடமும் ஆகின்றன. ஆதலால் குளிர்நாடுகளுக்கான கருவி அளவுகளை இங்கு அப்படியே பின்பற்ற இயலாது.

கடல்நீர் கலந்த கிணற்று நீரில் புரோமைடு இருக்கும். ஓசோன் அதனைப் புரோமேட்டாக மாற்றக்கூடும். குடிநீரில் இதற்கு உலக சுகாதார அமைப்பு குறித்த வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் ஆகும். எனவே கடலோரக் குளங்களில் ஓசோனைப் பயன்படுத்துமுன் நீரைச் சோதிப்பது இன்றியமையாதது.

பாதுகாப்பு

ஓசோன் காற்றைவிட அடர்த்தி மிகுந்தது. வெளியேறினால், நீந்துபவர் மூச்சிழுக்கும் நீர்ப்பரப்பின் மேல் தங்கி நுரையீரலைப் பாதிக்கும். ஐக்கிய அமெரிக்காவின் பணியிட விதிகள் 8 மணி நேரச் சராசரியாக 0.1 பி.பி.எம். அளவையே அனுமதிக்கின்றன. கருவி அறையில் காற்றோட்டமும், கசிவை உணர்ந்து கருவியைத் தானே நிறுத்தும் அமைப்பும் தேவை. நீச்சல் குள நீரின் தரத்திற்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எசு. 3328 உள்ளது.