கடல்வழியும் சுரங்கவழியும்

சவ்வாது மலையடிவாரச் சந்தவாசலில் வாழும் நமக்குக் கடல் நெடுந்தொலைவு. கடற்கரை மாவட்டத்து நம் மக்களுக்குச் சென்னைத் துறைமுகம் அண்மையிலிருந்தது. 1860 முதல் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறியோருள் நம்மவரும் இருந்தனர். வடஆர்க்காட்டு உள்நாட்டாரிலும் பலர் அவ்வாறே நேட்டாலுக்குக் கப்பலேறினர்; மற்றோர் தானியக் கூலிக்குப் பண்ணையில் உழைத்தனர். 1880களில் கோலார்த் தங்கச் சுரங்கங்கள் வளர்ந்தபோது அவர்களுக்கு இன்னொரு வழி திறந்தது. பாதாளத்தில் பலர் உயிரிழந்தனர். எனினும் உழைப்புக்குக் காசு கிடைத்தது. அச்சுரங்கத் தொழிலாளரிடையே, மாரிக்குப்பத்தில், அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கக் கிளை தழைத்தது; படிப்பும் பரவியது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. பெற்ற படிப்பு மூடப்படவில்லை.

இளைஞர்களே! கடல்கடந்தோரும் சுரங்கம் புகுந்தோரும் சென்ற வழிகள் வேறு. இருசாராருக்கும் ஊரைவிட்டு நீங்கினாலன்றி உயர்வில்லை என்பதே அன்றைய நிலை. ஊரிலிருந்தே உயர நமக்குள்ள வழி கல்வியே.